பந்து வாங்கும் முன், குத்து எங்கே தவறுகிறது என்று பாருங்கள்

ஏற்காட்டில் வசிக்கும் ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகளுக்கு 16 வயது. வாரத்தில் இரண்டு நாள் மலை இறங்கிச் சேலத்தில் குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போய்வருகிறாள். கையில் வேகம் இருக்கிறது, ஆனால் டைமிங் இல்லை, பாதிக் குத்து காற்றில் போகிறது என்று பயிற்சியாளர் சொல்கிறாராம். மற்ற நாட்களில் வீட்டிலேயே பழகுவதற்கு 5,000 ரூபாய்க்குள் ஏதாவது வாங்கித் தர வேண்டும். ஸ்பீடு பேக் (பலகைக்குக் கீழே தொங்கும் சிறு பந்து), தலையில் கட்டிக்கொள்ளும் பந்து, பாட்டுக்கு ஏற்ப விளக்கு எரியும் சுவர் இயந்திரம் ஆகிய மூன்றில் எதை வாங்கலாம் என்கிறார். வீடு பழைய ஓட்டு வீடு.

நான் வாங்கச் சொல்வது இந்த மூன்றிலுமே இல்லை. அதற்கு முன் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. அடுத்த முறை மகள் சேலத்தில் ஸ்பாரிங் (எதிராளியோடு பயிற்சிச் சண்டை) செய்யும்போது பக்கவாட்டில் நின்று கைபேசியில் படம் எடுங்கள். இரண்டு ரவுண்டு போதும். இப்போது பெரும்பாலான கைபேசிகளில் ஸ்லோ மோஷன் வசதி இருக்கிறது. வினாடிக்கு 240 படம் எடுத்து 30 படமாக ஓட்டினால் எட்டு மடங்கு மெதுவாகத் தெரியும். அந்தக் காட்சியில் தவறிய குத்துகளை மட்டும் பாருங்கள். குத்து எதிராளியின் முகத்துக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறதா? சரியான இடத்துக்குப் போய், ஆனால் முகம் அங்கிருந்து விலகிய பிறகு போகிறதா? அல்லது முகம் அங்கேயே இருக்க, குத்து காதோரம் உரசிக்கொண்டு போகிறதா?

பயிற்சியாளர் அவசரத்தில் மூன்றையும் டைமிங் என்றே சொல்லிவிடுவார். முதலாவது தூரக் கோளாறு, காலில் இருக்கிறது. இரண்டாவதுதான் உண்மையான நேரக் கோளாறு. மூன்றாவது குறி தவறுவது. தோள், முழங்கை, மணிக்கட்டு ஒரே கோட்டில் வராததால் வருவது. ஒன்றுக்கு வாங்கிய சாதனம் இன்னொன்றைத் திருத்தாது. வீட்டு மூலையில் தூசி படிந்து தொங்கும் பந்துகளில் பாதி, தவறான நோய்க்கு வாங்கிய மருந்துகள்.

கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். கிட்டப்பார்வைக் குறையைச் சொல்லாமல் சமாளிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். கண்ணாடி போட வேண்டியவளுக்கு எந்தப் பந்தும் டைமிங் கற்றுத் தராது.

தூரக் கோளாறு என்றால் பணத்தைத் தொடவே வேண்டாம். தரையில் இரண்டு கோடு ஒட்டி, பின்கோட்டிலிருந்து ஒரே அடியில் உள்ளே வந்து ஜாப் (முன்னால் இருக்கும் கையால் விடும் நேர்க்குத்து) விட்டு, கை திரும்பும்போதே காலும் திரும்ப வேண்டும். ஒரு ஸ்கிப்பிங் கயிறு கூடவே இருந்தால் போதும். மேரி கோம் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 51 கிலோ பிரிவில் தம்மைவிட உயரமானவர்களோடு மோதி வெண்கலம் வென்றார். அந்தப் போட்டிகளைப் பாருங்கள். உள்ளே நுழைவதும் வெளியேறுவதும்தான் அவருடைய ஆயுதம். கை அதற்குப் பின்னால்தான் வருகிறது.

குறி தவறுகிறது என்றால் அசையாத இலக்கில் தொடங்க வேண்டும். அசைகிற பந்தைக் குத்தித்தான் குறி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அசைகிற பந்தில் ஏன் தவறியது என்று தெரியாது, நேரமா, கோணமா? ஆகவே ஒரு பழைய டென்னிஸ் பந்தைக் காலுறையில் போட்டு, நூலில் கட்டி, மகளின் மூக்கு உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். நம் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையைப் பழக்க மாமரக்கிளையில் தொங்கவிடும் அதே ஏற்பாடுதான். கையில் துணி சுற்றிக்கொண்டு, மெதுவாக, நேராக ஒரு ஜாப். பந்து நேர்க்கோட்டில் போய் நேர்க்கோட்டில் திரும்பினால் குத்து நடுவில் பட்டிருக்கிறது. வட்டமடித்தாலோ பக்கவாட்டில் ஓடினாலோ விளிம்பில் பட்டிருக்கிறது. இவ்வளவு நேர்மையான நடுவர் ஐயாயிரத்துக்கும் கிடைக்க மாட்டார். பந்து முழுவதுமாக நின்ற பிறகே அடுத்த குத்து. அந்தப் பொறுமைதான் 16 வயதில் கடினம்.

இது வெறும் அழகுக்காக அல்ல. 2013 வரை அமெச்சூர் குத்துச்சண்டையில் நடுவர்கள் பொத்தானை அழுத்திக் குத்துகளை எண்ணினார்கள். அதன் பிறகு, ரவுண்டை வென்றவருக்குப் பத்தும் மற்றவருக்கு அதைவிடக் குறைவாகவும் தரும் பத்துப் புள்ளி முறை வந்தது. ஆனால் ஒன்று மாறவில்லை: கையுறையின் முட்டிப் பகுதி, தலையின் முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ, இடுப்புக்கு மேலே உடலின் முன்பகுதியிலோ தெளிவாகப் பட்டால்தான் மதிப்பு. உள்ளங்கைப் பக்கம் பட்டுச் சத்தம் வந்தால் நீங்கள் கைதட்டலாம், நடுவர் தட்ட மாட்டார்.

அதே பந்தை வைத்தே நேரப் பயிற்சியையும் தொடங்கலாம். தொங்கும் பந்து ஒருமுறை போய்த் திரும்பும் நேரம் அதன் எடையைப் பொறுத்ததல்ல, கயிற்றின் நீளத்தைப் பொறுத்தது. ஒரு மீட்டர் கயிறு என்றால் சுமார் 2 வினாடி. கால் மீட்டர் என்றால் சுமார் 1 வினாடி. உங்கள் ஓட்டு வீட்டில் விட்டத்திலிருந்து மூக்கு உயரம் வரை ஒன்றரை மீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், பந்து போய்வர இரண்டரை வினாடி ஆகும். தொடக்கத்துக்கு அது நல்ல வேகம். பழகிய பிறகு அதே பந்தைக் கதவு நிலையின் மேற்சட்டத்தில் கட்டுங்கள். கயிறு 60 சென்டிமீட்டர் அளவுக்குக் குறையும், நேரம் ஒன்றரை வினாடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். கயிற்றைச் சுருக்கச் சுருக்க அவள் வேகம் கூட்ட வேண்டும். நிலையில் கட்டும்போது நேர்க்குத்துகள் மட்டும் போதும்; ஹூக் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) விட்டால் முட்டி மரத்தில் மோதும்.

இந்தப் பந்தின் குறை, அது ஒரே தாளத்தில் ஆடுகிறது என்பது. விரைவில் உடம்பு அந்தத் தாளத்தை மனப்பாடம் செய்துவிடும். எதிராளி தாளம் தப்பித்தான் வருவார். அங்கேதான் பணம் செலவழிக்க வேண்டிய இடம் வருகிறது.

வாங்க வேண்டியது டபுள் எண்ட் பேக். ஏறக்குறைய கால்பந்து அளவுள்ள உருண்டை. மேலே ஒரு கயிறு, கீழே ஒரு கயிறு, இழுபடும் ரப்பர் கயிறாக. குத்தினால் துடித்துக்கொண்டு திரும்பும். சற்றே ஓரத்தில் பட்டாலும் எதிர்பாராத பக்கத்தில் வரும். கை கன்னத்துக்குத் திரும்பாவிட்டால் மூக்கில் வந்து இடிக்கும். நேரம், குறி, தற்காப்பு மூன்றையும் ஒரே சமயத்தில் கேட்கும் சாதனம் வீட்டளவில் இது ஒன்றுதான். விலையும் நீங்கள் சொன்ன மற்றவற்றோடு ஒப்பிட்டால் அதிகமில்லை. முதல் பந்தாக 8 அல்லது 9 அங்குல விட்டம் உள்ளதை வாங்குங்கள். 5, 6 அங்குலப் பந்துகள் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும்; தொடக்கத்தில் அவை வெறும் எரிச்சலைத்தான் தரும்.

கடையில் பந்தைக் காற்றடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நின்றால் வேண்டாம். அது எப்போதும் ஒரே பக்கம் சாயும், மகளும் அந்தச் சாய்வைப் பழகிக்கொள்வாள். பிறகு மேலும் கீழும் உள்ள வளையங்களைப் பாருங்கள். இந்தப் பந்துகள் முதலில் கிழிவது அங்கேதான். வளையம் உறைக்குள் ஆழமாகப் போய்த் தைக்கப்பட்டிருக்க வேண்டும், மேலோட்டமாக ஒட்டியிருக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பிளாடரை (காற்றுப் பையை) வெளியே எடுத்து மாற்ற வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பஞ்சரானால் முழுப் பந்தையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

தோலா, ரெக்சினா என்று கடைக்காரர் கேட்பார். சேலத்தில் இருப்பவருக்குத் தோல் என்பேன். உங்களுக்கு வேண்டாம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் மூடுபனி அறைக்குள்ளேயே வந்து உட்காரும் ஊரில் தோலுக்குப் பூஞ்சை பிடித்துவிடும். நல்ல ரெக்சின் போதும், அவ்வப்போது உலர்ந்த துணியால் துடைத்தால் சரி. கையுறைக்கும் இதுவே. பயிற்சி முடிந்ததும் உள்ளே செய்தித்தாளைத் திணித்துக் காற்றாட வையுங்கள், அடுப்பருகில் வைக்காதீர்கள். கீழே சேலத்தில் பிரச்சினை வேறு. மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் மாட்டுபவர்களுக்குக் கோடை வெயிலில் ரப்பர் கயிறு வெடித்து இற்றுப்போகும். எந்த ஊரானாலும் கயிற்றை வாரம் ஒருமுறை இழுத்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றுங்கள். அறுந்த ரப்பர் நேராகக் கண்ணுக்குத்தான் வரும். ஓர் உபரிக் கயிறு வாங்கி வைப்பது நல்லது. அவசரத்துக்குச் சைக்கிள் டியூபை நீளவாக்கில் கீறிக் கட்டலாம்.

மாட்டுவதற்கு ஓட்டு வீடு தடையில்லை. ஹெவி பேக் (கனமான குத்து மூட்டை) என்றால் விட்டம் தாங்குமா, ஓடு ஆடுமா என்று கவலைப்பட வேண்டும். இந்தப் பந்து இழுப்பது மிகச் சிறிய பாரம். நல்ல மரச்சட்டத்தில் ஒரு கொக்கி போதும். கீழே தரையில் துளை போட மனமில்லாவிட்டால், காலியான பெயின்ட் வாளியில் ஒரு வளையத்தை நட்டுச் சிமென்ட் கலவையை ஊற்றி உறைய விடுங்கள். பந்தின் நடுப்பகுதி மகளின் மூக்குக்கும் மோவாய்க்கும் இடையில் வரட்டும். கயிற்றை இறுக்கினால் பந்து சிறு வட்டத்தில் வேகமாகத் துடிக்கும். தளர்த்தினால் அகலமாக, தாறுமாறாக ஆடும். நடுத்தர இறுக்கத்தில் தொடங்குங்கள்.

பழகும் முறையில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். பந்தை ஓங்கிக் குத்தக் கூடாது. ஓங்கிக் குத்தினால் அது பைத்தியம்போல ஆடும், நேரம் என்ற பேச்சே இருக்காது. பாதி வலு, முழுக் கவனம். முதல் சில வாரங்களுக்கு ஜாப் மட்டும். குத்திவிட்டு, பந்து ஆடி நடுவுக்கு வரும் கணத்தில் மறுபடி ஜாப். அது கைவந்த பிறகு, பந்து அவளை நோக்கி வரும்போதே சந்திக்கும் ஜாப். வரும் பந்தைச் சந்திப்பதும் போகும் பந்தைத் துரத்துவதும் வேறு வேறு வேலை. எதிராளி முன்னேறும்போது விழும் குத்தின் கனம் எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்குத் தானாகவே புரியும். அதற்கடுத்து, குத்து, தலையை ஒதுக்கிப் பந்தைக் காதோரம் போகவிடுதல், உடனே வலது கை. 20 ஜாபில் எத்தனை நடுவில் பட்டன என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். வேகத்தைப் பற்றி அந்த நோட்டில் ஒரு வரிகூட வேண்டாம்.

ஜூனியர் பிரிவில் ரவுண்டு 2 நிமிடம். ஆகவே வீட்டிலும் 2 நிமிடப் பயிற்சி, 1 நிமிட ஓய்வு. கைபேசியில் மணி அடிக்கும் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. 4.5 மீட்டர் துணியைக் கையில் முறையாகச் சுற்றி, 10 அவுன்ஸ் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். பந்துதானே என்று வெறுங்கையில் குத்த ஆரம்பித்தால் மணிக்கட்டு சீக்கிரமே முறையிடும்.

இனி நீங்கள் கேட்ட மூன்றுக்கு வருகிறேன். ஸ்பீடு பேக் எனக்கு மிகவும் பிடித்த சாதனம், ஆனாலும் வேண்டாம் என்கிறேன். ஒரு குத்துக்குப் பந்து பலகையில் மூன்று முறை மோதித் திரும்பும், மறுபடி குத்து. அந்தத் தடதட ஓசை கேட்கவே சுகம். தோளுக்கு வலு வரும், கை தாழாமல் நிற்கப் பழகும். ஆனால் அது மாறாத தாளம். முட்டியின் பக்கவாட்டால் தட்டும் தட்டு, சண்டையில் விடும் குத்தல்ல. பலகையை ஆடாமல் சுவரில் பதிக்கவும் வேண்டும். ஏற்காட்டில் அக்கம்பக்கம் தள்ளி இருக்கலாம். ஆனால் மலையின் அமைதியில் அந்த ஓசை எவ்வளவு தூரம் கேட்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

தலையில் கட்டும் பந்து மலிவு, விளையாட்டாகவும் இருக்கும். சூடேற்றிக்கொள்ள ஐந்து நிமிடம் அடிக்கலாம், தவறில்லை. அதன் கோளாறு என்னவென்றால், பந்து கட்டியிருப்பது அவளுடைய நெற்றியிலேயே. தலையை அசைத்தால் பந்து குழம்பும் என்பதால் தலையை ஆடாமல் வைத்துக்கொள்ளப் பழகிவிடுவாள். மோவாயும் மெல்ல மேலே எழும்பும். குத்துச்சண்டை வளையத்துக்குள் இந்த இரண்டு பழக்கத்துக்கும் தண்டனை உடனே கிடைக்கும். வாங்கினால் மென்மையான பந்தாக வாங்குங்கள், கண்ணில் படும் வாய்ப்பு அதிகம்.

விளக்கு எரியும் சுவர் இயந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விளக்குகள் அதே இடத்தில் இருக்கின்றன, சுவர் பின்வாங்குவதில்லை, காலுக்கு வேலையே இல்லை. குழந்தைகளுக்குப் பொழுதுபோக்கு. பழைய சுவரில் அதை ஒட்டுவதற்கான பசை வேறு தனிக் கதை.

அந்த மூன்றையும்விட நல்ல சாதனம் ஒன்று உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள்தான்.

கண்ணால் கண்டு கை அசைய மனிதருக்குச் சுமார் ஐந்தில் ஒரு வினாடி ஆகிறது. நல்ல ஜாப் கிளம்பி வந்து சேரவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். அதாவது குத்தைப் பார்த்துவிட்டு எதிர்வினை செய்தால் பெரும்பாலும் தாமதமாகிவிடும். தேர்ந்தவர்கள் குத்தைப் பார்ப்பதில்லை. குத்துக்கு முன்னால் தோள் லேசாக இறங்குவதை, பின்னங்கால் எடை ஏற்பதை, மூச்சை இழுப்பதைப் பார்க்கிறார்கள். டைமிங் என்பதில் பாதிக்கு மேல் இந்தப் படிப்புதான். பந்துக்குத் தோள் கிடையாது. எந்தப் பந்தும், எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், இதைக் கற்றுத் தர முடியாது.

ஆகவே மிச்சமிருக்கும் பணத்தில் ஒரு ஜோடி ஃபோகஸ் பேட் (அவள் குத்துவதற்காக நீங்கள் கையில் மாட்டிப் பிடிக்கும் மெத்தை) வாங்குங்கள். சற்று வளைந்த வடிவம், மணிக்கட்டு வரை பட்டை உள்ளது, விரல்களுக்குத் தனி உறை உள்ளது என்று பார்த்து வாங்குங்கள். வாங்குகிற அடி உங்கள் தோளுக்குத்தான். பிடிக்கும் விதத்தைச் சேலத்தில் பயிற்சியாளரிடமே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள், பத்து நிமிட வேலை. கைகளை அகலமாக விரிக்காமல் உங்கள் முகத்தருகே பிடியுங்கள். குத்து எதிராளியின் முகத்துக்குத்தானே போக வேண்டும். எந்தக் குத்து என்று எண் சொல்லிச் சொல்லிப் பிடிப்பதைச் சீக்கிரம் நிறுத்துங்கள். பேசாமல், பேடைத் திடீரென்று காட்டி, ஒரு நொடியில் மறைத்துவிடுங்கள். அவள் குத்தினால் குத்தியது, தாமதித்தால் போயிற்று. சில முறை தோளை மட்டும் அசைத்துவிட்டு எதுவும் செய்யாமல் நில்லுங்கள். பொய்யசைவுக்கு அவள் ஏமாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு பாடம்.

குத்து வரும்போது ஒதுங்கப் பழக, ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரைக் குழல் இருக்கிறதல்லவா, சேலத்தில் குளிர்சாதனப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். கை நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குத்துச்சண்டை தெரியாதவராக இருந்தாலும் அதை வைத்து ஜாப்போல மெல்ல நீட்டலாம், பட்டால் வலிக்காது. அவள் ஒதுங்கித் திரும்பக் குத்த வேண்டும், உங்கள் பேடில். ஆரம்பத்தில் மெதுவாகவே நீட்டுங்கள். வேகத்தைவிட, ஒவ்வொரு தடவையும் தோளிலிருந்து அதைத் தொடங்குவதுதான் முக்கியம். அவள் படிக்க வேண்டியது அந்தத் தோளைத்தான்.

நீங்கள் வீட்டில் இல்லாத நாட்களுக்குச் சுவருக்குச் சுவர், அவள் தோள் உயரத்தில் ஒரு கயிறு கட்டிக்கொடுங்கள். அதன் இருபுறமும் முழங்காலை மடக்கி, குனியாமல் மாறி மாறிப் போய்க்கொண்டே முன்னேறுவது ஒரு பயிற்சி. தலையை ஒதுக்கப் பழகச் சின்ன மூட்டை தொங்கவிடும் வழக்கமும் உண்டு. மேல்நாட்டில் பழங்காலத்தில் அதில் மக்காச்சோளத்தையே நிரப்பினார்கள். ஆத்தூர்ப் பக்கம் மக்காச்சோளத்துக்குப் பஞ்சமில்லைதான், ஆனாலும் மலை ஈரத்தில் வண்டும் பூஞ்சையும் வரும். பழைய கால்சட்டைக் காலைத் தைத்து பனியன் வேஸ்ட்டைத் திணித்து, நடுவில் ஒரு சிறு மணல் பொட்டலம் வைத்தால் இரண்டு, மூன்று கிலோவில் அருமையான மூட்டை ஆகிவிடும். நெற்றி உயரத்தில் தொங்கவிட்டு ஆட்டிவிட்டு ஒதுங்க வேண்டும். இதைக் குத்த வேண்டியதில்லை.

ஹெவி பேக் வாங்கச் சொல்லி யாராவது வற்புறுத்துவார்கள். அது வலுவுக்கானது, வாரம் இரண்டு நாள் சேலத்தில் அதைக் குத்துகிறாளே, போதும். ஸ்பிரிங் கம்பத்தில் நிற்கும் பந்து, கொக்கி போட வழியில்லாத வாடகை கான்கிரீட் வீட்டுக்காரர்களுக்கு ஏற்றது. விலை கூடுதல், அடிப்பாகத்தில் தண்ணீருக்குப் பதில் மணல் நிரப்பினால்தான் நகராமல் நிற்கும். உங்களுக்கு விட்டம் இருக்கும்போது அது எதற்கு?

சில மாதங்களில் பந்து அவளுக்கு வசப்பட்டுவிடும். நோட்டில் எண்கள் ஏறி நிற்கும். அப்போது புதிதாக எதையும் வாங்காதீர்கள். கீழே உள்ள வாளியை அரை அடி பக்கவாட்டில் நகர்த்துங்கள், பந்து சாய்கோட்டில் ஆடத் தொடங்கும். மேல் கயிற்றைத் தளர்த்தி, கீழ்க் கயிற்றை இறுக்கிப் பாருங்கள். அதுவும் பழகிய பிறகு 6 அங்குலப் பந்து. பேடுக்கும் பந்துக்கும் போகப் பணம் ஏதாவது மிஞ்சியிருந்தால், வாரத்தில் மூன்றாவது நாள் சேலம் போய்வரும் பஸ் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு உயரமும் வெவ்வேறு தாளமும் உள்ள பிள்ளைகளோடு மென்மையாக ஸ்பாரிங் செய்ய அங்கேதான் முடியும்.